எத்தனை நாள் தாங்கும்?

சென்னை ஈக்காட்டுத்தாங்கலைச் சுற்றி நான்கைந்து கிலோமீட்டருக்குள் மூன்று விதமான தொழில் நடக்கிறது. 1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையும் அதை ஒட்டிய தெருக்களும் லேத் பட்டறைகளும் டை செய்யும் கூடங்களும் நிறைந்தவை. அவற்றுக்கு நடுவே எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களில் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் கணக்குப் பார்க்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. கிண்டிப் பக்கம் 1899-இல் தொடங்கிய கிங் இன்ஸ்டிட்யூட், அதன் வளாகத்திலேயே 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. லேத்தில் மாட்டிய பேரிங் எத்தனை நாள் ஓடும் என்பது பட்டறைக்காரரின் கவலை. அந்த லேத்துக்குக் கொடுத்த கடனில் எத்தனை தவணை ஒழுங்காக வரும் என்பது கணக்குப் பார்ப்பவரின் கவலை. குணமாகிப் போன நோயாளிக்கு எத்தனை ஆண்டு நோய் திரும்பாமல் இருக்கும் என்பது மருத்துவரின் கவலை. மூன்றுக்கும் விடை தேடும் கணக்கு ஒன்றுதான். புள்ளியியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த செய்தி. அந்தக் கணக்கு ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும்போது சூத்திரம் பத்திரமாகப் போய்ச் சேருகிறது, அதற்கு அடியில் எழுதப்பட்ட நிபந்தனை பாதி வழியில் தொலைந்துவிடுகிறது. நிதி, பொறியியல், மருத்துவம் மூன்றையும் இணைக்கும் ஆய்வுகள் எங்கே வென்றன, எங்கே கவிழ்ந்தன என்பதை இந்த ஒரு தொலைப்பை வைத்தே பெருமளவு விளக்கிவிடலாம்.

முதலில் கணக்கு. ஒரு பட்டறையில் பத்துப் புதிய பேரிங்குகள் ஒரே நாளில் மாட்டப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் ஒன்று போய்விட்டது. அந்த ஆண்டு முடிவில் மூன்று லேத்துகளை முதலாளி விற்றுவிட்டார். அவற்றிலிருந்த பேரிங்குகள் அதுவரை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன, அப்புறம் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. மீதி ஆறில் ஒன்று இரண்டாம் ஆண்டில் போனது. இரண்டு ஆண்டு தாங்கியவை எத்தனை சதவீதம்? பத்தில் இரண்டுதான் போனது, ஆகவே 80 என்றால், விற்றுப்போன மூன்றும் தாங்கியதாக நாமே தீர்ப்பு எழுதிவிட்டோம் என்று பொருள். அந்த மூன்றைக் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டு ஏழில் இரண்டு என்றால் 71 வரும். இதில், அவை முதல் ஆண்டு முழுக்க ஓடின என்ற உண்மை வீணாகிறது. ஆண்டு ஆண்டாகப் பிரித்துப் பார்ப்பதுதான் சரி. முதல் ஆண்டைத் தாண்டியவை பத்தில் ஒன்பது. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் கண்ணெதிரே இருந்தவை ஆறு, தாண்டியவை ஐந்து. இரண்டு பின்னங்களையும் பெருக்கினால் 75 சதவீதம். முடிவு தெரியாத மூன்றும், தாம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த காலம் வரைக்கும் சாட்சி சொல்லிவிட்டு விலகிக்கொள்கின்றன.

இந்த எளிய பெருக்கலுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அது நிதியில்தான் தொடங்குகிறது. வால்மீனுக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து 1693-இல் ஓர் ஆயுள் அட்டவணை வெளியிட்டார். வாழ்நாள் ஓய்வுத்தொகைக்கு என்ன விலை வைக்கலாம் என்பதுதான் அதன் பயன். 1825-இல் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற காப்பீட்டுக் கணிதர், வளர்ந்த மனிதரின் இறப்பு அபாயம் வயதோடு சீராகப் பெருகுகிறது, ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்ற ஒழுங்கைக் கண்டார். பொறியியல் தன் பங்குக்கு, உலோகக் களைப்பையும் பொருள்களின் முறிவையும் ஆராய்ந்த சுவீடன்காரர் வைபுல் 1951-இல் விளக்கிய பரவலைத் தந்தது. பேரிங் கடையில் கிடைக்கும் கையேட்டில் ‘ஆயுள்’ என்று அச்சிட்டிருப்பது இந்த மரபில் வந்த எண்தான்: நூறில் தொண்ணூறு பேரிங்குகள் அத்தனை சுற்றைத் தாண்டும், பத்து தாண்டாது என்று அதற்கு அர்த்தம். நம் பேரிங் அந்தப் பத்தில் ஒன்றா என்று கையேடு சொல்லாது, சொல்லவும் முடியாது.

மேலே நாம் செய்த ஆண்டுவாரிப் பெருக்கலுக்கு இன்று இருக்கும் பெயர் கப்லான்–மையர் முறை. எட்வர்ட் கப்லான் பெல் ஆய்வகத்தில், கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் பொருத்தும் வெற்றிடக் குழாய்களின் ஆயுளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கடலுக்கு அடியில் போன குழாயைத் தூக்கி மாற்றுவது லேசான காரியமா? பால் மையர் புற்றுநோயாளிகளின் உயிர்வாழ்வுப் பதிவுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். இருவரும் தனித்தனியாக ஒரே தீர்வை எழுதி ஒரே புள்ளியியல் இதழுக்கு அனுப்பினார்கள். இரண்டையும் ஒரே கட்டுரையாக்குங்கள் என்று யோசனை வந்தது. கடிதம் எழுதி எழுதியே வேலை நடந்தது. 1958-இல் கட்டுரை வெளியாயிற்று. இன்று மருத்துவ இதழ்களில் படிக்கட்டுபோல் இறங்கும் கோடு ஒன்று தென்பட்டால் அது பெரும்பாலும் இவர்களுடையதுதான்.

நிதித்துறைக்கு இந்தக் கோடு ஏன் தேவை என்பதற்கு ஒரு கற்பனைக் கடன் நிறுவனத்தைப் பார்க்கலாம். அது முதல் ஆண்டு 100 கடன், அடுத்த ஆண்டு 200, மூன்றாம் ஆண்டு 400 தருகிறது. எந்தக் கடனும் முதல் ஆண்டில் தவணை வராமல் நிற்பதில்லை, இரண்டாம் ஆண்டில் பத்துக்கு ஒன்று நின்றுவிடுகிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் நின்றவை 10-உம் 20-உமாக 30. மொத்தக் கடன் 700. வாராக்கடன் 4.3 சதவீதம்தான் என்று ஆண்டறிக்கை பெருமையாகச் சொல்லும். கணக்கில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட கடன்களுக்கு நிற்பதற்கே இன்னும் வயதாகவில்லை. புதுக் கடன் கொடுப்பதை நிறுத்திப் பாருங்கள்: அடுத்த ஆண்டில் இன்னும் 40 நின்று, விகிதம் 10 சதவீதத்துக்குப் போய் நிற்கும். வேகமாக வளரும் கடன் நிறுவனம் ஆரோக்கியமாகத் தோன்றுவதன் மர்மம் இவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டு கொடுத்த கடனையும் தனிக் கூட்டமாகப் பிரித்து, மருத்துவர்கள் நோயாளிக் குழுவைப் பின்தொடர்வதுபோல் மாதா மாதம் பார்த்திருந்தால் பத்து சதவீதம் என்ற உண்மை இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்திருக்கும்.

மனிதனும் பேரிங்கும் ஒன்றா என்ற ஆட்சேபம் இங்கே எழும். எழ வேண்டியதுதான். பேரிங்குக்குப் பயமில்லை, நம்பிக்கையில்லை, வட்டிக்காரரைக் கண்டு தெரு மாறிப் போகும் பழக்கமும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு மனிதனை இயந்திரம் என்று சொல்லவில்லை. ஒரு நிகழ்வு எப்போது நடந்தது, அதுவரை யாரெல்லாம் பார்வையில் இருந்தார்கள் என்று மட்டுமே கேட்கிறது. ஏன் நடந்தது என்பதை அந்தந்தத் துறைதான் சொல்ல வேண்டும். இயந்திரமே மனிதனுக்குள் போகும் இடமும் உண்டு. டாக்டர் வலியத்தானின் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, டி.டி.கே குழுமம் தயாரிக்கும் சித்ரா இதய வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய வடிவங்கள் சோதனையில் தோற்றபின் கோபால்ட் உலோகக்கலவைச் சட்டமும் பாலிஎத்திலீன் தட்டும் கொண்ட வடிவம் தேறி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் அந்தத் தட்டு ஆண்டுக்கு மூன்றரைக் கோடி தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். சோதனைக் கருவியில் வேகமாக அடித்துப் பார்க்கும்போது வால்வுக்கு ஒரே கடிகாரம்தான். உடம்புக்குள் போனபின் இரண்டு: வால்வு தேய்வது ஒன்று, நோயாளிக்கு வேறு நோய் வருவது இன்னொன்று. வேறு காரணத்தால் ஒருவர் இறந்தால், அவருடைய வால்வை விற்றுப்போன லேத்தின் பேரிங்போல் எழுதிவிடலாமா? அவசரப்பட்டு எழுதக் கூடாது. விற்ற லேத்துக்கும் பேரிங்கின் நிலைக்கும் சம்பந்தம் இல்லை. இறந்த நோயாளிக்கும் வால்வின் நிலைக்கும் சம்பந்தம் இல்லை என்பதை மருத்துவர் உறுதி செய்த பிறகே அப்படி எழுதலாம்.

நான் சொன்ன நிபந்தனைகளில் முதலாவது இது: பார்வையிலிருந்து விலகியவர்கள், விலகியதாலேயே வேறு மாதிரியானவர்களாக இருக்கக் கூடாது. பேரிங்கில் இது பெரும்பாலும் சரி, நோயாளியிடம் சந்தேகம், கடனாளியிடம் பல நேரம் தப்பு. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து, பழையதை ‘முடிந்தது’ என்று எழுதும் வழக்கத்தை நினைத்தால் போதும். இரண்டாம் நிபந்தனை இன்னும் ஆழமானது: ஒன்று போனதால் இன்னொன்று போகக் கூடாது, எல்லாம் ஒரே காரணத்தால் ஒரே நாளில் போகவும் கூடாது.

2015 டிசம்பர் 1 இரவில் அந்த இரண்டாம் நிபந்தனை ஈக்காட்டுத்தாங்கலில் என்ன ஆயிற்று என்பதை ஊரே பார்த்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரின் அளவு நொடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. அடையாறு கரை தாண்டி, ஈக்காட்டுத்தாங்கலின் பட்டறைத் தெருக்களுக்குள் ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் மோட்டாரின் காயில் ஈரம், பேரிங்கில் சேறு, கண்ட்ரோல் போர்டில் துரு. பத்து ஆண்டுக்கு மேல் பரவி வந்திருக்க வேண்டிய பழுதுகள் ஒரே இரவில் வந்தன. ரீவைண்டிங் செய்பவரிடம் வரிசை. வேலை நின்றதால் ஆர்டர் போயிற்று, ஆர்டர் போனதால் தவணை தவறியது. கடன் கொடுத்தவரிடம் அந்தத் தெரு முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தது. தேங்கிய நீரில் கால் வைத்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் வேறு. பேரிங் கையேட்டின் வளைகோடு, கடன் பிரிவின் வளைகோடு, மருத்துவமனையின் வளைகோடு மூன்றும் தனித்தனி மேசைகளில் சரியாகத்தான் வரையப்பட்டிருந்தன. மூன்றும் ஒரே ஆற்றங்கரையில் நிற்கின்றன என்பது மூன்றிலும் எழுதப்படவில்லை. (நூறாண்டு வெள்ளம் என்ற சொல்லும் இந்த ஏமாற்றத்தில் பங்காளி. ஆண்டுக்கு நூறில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு.)

இதே பிழை உலக அளவில் நடந்த கதை பிரசித்தம். கனடாவில் காப்பீட்டுக் கணிதம் படித்த டேவிட் லீ 2000-இல் ஒரு கட்டுரை எழுதினார். கணவனோ மனைவியோ இறந்தபின் துணையின் இறப்பு அபாயம் கூடுகிறது என்பது காப்பீட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஒரு மரணம் இன்னொன்றைப் பாதிப்பதுபோல் ஒரு கடன் நிற்பது இன்னொன்றைப் பாதிக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். கடன் நிற்கும் வரையுள்ள காலத்தை மனித ஆயுள்போலவே கணக்கிட்டார். ஆக, சார்பு என்ற பிரச்சினையை லீ மறக்கவில்லை. அவர் தந்த வடிவத்தில் அந்தச் சார்பு ஒரே எண்ணாகச் சுருங்கியது. அந்த எண்ணை நல்ல காலத்துச் சந்தை விலைகளிலிருந்து எடுத்தார்கள். சாதாரண நாளில் இரண்டு வீட்டுக்கடன்கள் ஒன்றையொன்று கொஞ்சம்தான் பாதிக்கும். வீட்டு விலை நாடு முழுவதும் விழும் நாளில் எல்லாம் சேர்ந்து விழும். மாதிரியோ, மிக மோசமான நிகழ்வுகள் சேர்ந்து வருவதை ஏறக்குறைய இல்லை என்றே வைத்திருந்தது. தன் மாதிரியின் சாரம் மிகச் சிலருக்கே புரிந்திருக்கிறது என்று லீயே 2005-இல் சொன்னார். 2008 நிதி நெருக்கடியில் மற்றவர்களுக்கும் புரிந்தது. நம் பக்கத்திலும் ஒரு சிறிய பதிப்பு உண்டு. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் போட்டதும், அதுவரை ஏறக்குறைய முழுமையாக வந்துகொண்டிருந்த வாரத் தவணைகள் மாநிலம் முழுக்க ஒருசேர நின்றுபோயின. குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, நல்ல காலத்தில் எல்லாரையும் கட்ட வைத்தது. கெட்ட காலத்தில் அந்தப் பிணைப்பே எல்லாரையும் சேர்த்து நிறுத்தியது.

அப்படியானால் துறை தாண்டிய ஆய்வே வேண்டாம், அவரவர் வேலையை அவரவர் பார்க்கட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. பல்கலைக்கழகங்களில் இந்தக் குரல் பலமானது; நுனிப்புல் மேய்வதைக் கண்டு அலுத்தவர்களின் நியாயமான குரல்தான். அதற்குப் பதில் சேத்துப்பட்டில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. காசநோய்க்கு சானடோரியம்தான் கதி, ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கை போதாது என்ற காலம் அது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நெரிசலான குடியிருப்புகளைச் சேர்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு, இன்னொன்று வீட்டுக்கு. மருந்து இருவருக்கும் ஒன்றே, ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்-உம், ஓராண்டு. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். வீட்டில் கிடைத்த சாப்பாடு, முடிந்த ஓய்வு. ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து படுக்கைதான் மருந்து என்று யாரும் வாதிட முடியாமல் போயிற்று.

முடிவுகளைவிட அந்த மையம் நிபந்தனைகளை நடத்திய விதம்தான் நம் வாதத்துக்கு முக்கியம். நோயாளி மருந்து சாப்பிட்டாரா என்பதை அவர் சொல்லை நம்பி விடவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். விலகியவர்களைத் தேடிப் போனார்கள்; ஐந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, காசநோய் தொற்றுநோய் என்பதை மறக்கவில்லை. நோயாளியை வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கே பரவும் என்ற பயம்தான் சானடோரியத்தின் கடைசி அரண். ஒருவர் விழுந்தால் பக்கத்தில் இருப்பவரும் விழுவாரா? லீயின் கேள்வியும் இதுதான். சேத்துப்பட்டில் அதற்கு ஓர் எண்ணை ஊகித்துப் போடவில்லை. இரண்டு பிரிவு நோயாளிகளின் வீட்டாரையும் தனி ஆய்வாக எடுத்துக்கொண்டு பரிசோதித்தார்கள். 1960-இல் முதல் அறிக்கை, 1966-இல் ஐந்தாண்டு அறிக்கை. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்று தெரிந்தது. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பரவ வேண்டியது பரவிவிட்டது, தொடங்கியபின் மருந்து பரவலை அடக்கிவிடுகிறது என்பது அதற்குத் தந்த விளக்கம். சிகிச்சை காலம் முழுக்க நோயாளியை ஒதுக்கிவைக்கும் பழக்கத்தை உலகம் கைவிட்டதில் இந்த ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இத்தனை பொறுமைக்கு யாருக்கு நேரம், காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு காட்ட வேண்டிய துறையால் இது முடியுமா என்பது கடைசி ஆட்சேபம். பொறுமைக்கு விலை உண்டு, மறுக்கவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி ஆய்வு, மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பதிவு செய்து, பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்து, பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து அந்தத் தடுப்பூசி பாதுகாப்பு தரவில்லை என்ற கசப்பான விடையை அச்சிட்டது. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோய்களைத் தடுப்பதால் அது பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடப்படுகிறது. யாருக்கு, எதற்கு என்ற வரம்பு தெளிவானதே அந்தப் பொறுமைக்குக் கிடைத்த கூலி. நிதித்துறையாலும் இது முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சென்னையில் இருந்த நிதி மேலாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் நுண்நிதி மையத்தோடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஹைதராபாத்தில் 104 பகுதிகளைத் தேர்ந்து, குலுக்கலில் வந்த பாதியில் மட்டும் ஸ்பந்தனா என்ற நுண்கடன் நிறுவனம் முதலில் கிளை திறக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ஆள் ஆளாகக் குலுக்காமல் பகுதி பகுதியாகக் குலுக்கியது நியாயமான தேர்வு. ஒரு வீட்டுக்கு வந்த கடன் அடுத்த வீட்டையும் தொடும் என்பதற்கு அதில் இடம் இருக்கிறது. கடன் வந்த பகுதிகளில் தொழிலில் முதலீடு கூடியது, ஆனால் குடும்பச் செலவோ கல்வியோ பெண்களின் நிலையோ குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. ‘நுண்கடனின் அற்புதம்’ என்று தலைப்பிட்டு, அதன் பின்னால் ஒரு கேள்விக்குறியும் போட்டு, 2015-இல் அதை வெளியிட்டார்கள்.